எக்ஸாஸ்ட் வெப்பநிலை சென்சார் கோளாறா? கழற்றுவதற்கு முன் இப்படிச் சோதியுங்கள்

வண்டியின் கணினியோடு இணைத்துக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் சென்சாரின் பெயர் வந்ததுமே புதுசு வாங்க ஓடாதீர்கள். எரர் கோட் சொல்வது அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்பதைத்தான். வயர் உருகியிருந்தாலும் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருந்தாலும் அதே கோட் வரும்.

இந்தத் தொல்லை பெரும்பாலும் டீசல் கார்களில்தான். புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் எரித்துத்தான் காலி செய்ய வேண்டும். சென்சார் சொல்லும் அளவை நம்ப முடியாவிட்டால், இன்ஜினின் கணினி அந்த எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. எச்சரிக்கை விளக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் வடிகட்டி அடைத்து, இழுவை குறையும்.

படி 1: எரர் கோடைக் குறித்துக்கொள்ளுங்கள். பி0544, பி0545, பி0546 மூன்றும் முதல் பேங்கின் (இன்ஜினின் சிலிண்டர் வரிசை) முதல் சென்சாருக்கானவை. 0545 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, 0546 என்றால் மிக அதிகம். பி2031 முதல் 2033 வரை இரண்டாவது சென்சாருக்கு. அது எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

படி 2: இதுதான் முக்கியம், செலவும் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளை) திறங்கள். எல்லா எக்ஸாஸ்ட் சென்சார்களும், கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும். மற்றவை 27, 29 என்று இருக்கும்போது ஒன்று மட்டும் 140 காட்டினால், ஆள் மாட்டிக்கொண்டது. அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள்: அளவு சீராக ஏற வேண்டும். துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ சந்தேகம்தான்.

படி 3: இன்ஜினை அணைத்து, பைப் நன்றாக ஆறிய பிறகு வயரைத் தடவிப் பாருங்கள். சூடான பைப்பில் உரசி உறை கருகிய இடம், கனெக்டர் பின்னில் பச்சை படிந்த துரு, இரண்டையும் தேடுங்கள். சாவியை ஆன் செய்து வயரை லேசாக ஆட்டும்போது ஸ்கேனரில் எண் குதித்தால் குற்றவாளி வயர்.

படி 4: இது இரண்டு வயர் உள்ள சென்சாருக்கு மட்டும். கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துப் பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். சாவி ஆனில் 5 வோல்ட் அளவில் வர வேண்டும். கழற்றியதும் ஸ்கேனர் அளவு ஒரு எல்லைக்குப் போகும். இரண்டு பின்களையும் சிறு வயரால் இணைத்தால் மறு எல்லைக்குத் தாவ வேண்டும். தாவினால் வயரிங் சரி, கோளாறு சென்சாரில். தாவாவிட்டால் சென்சாரை மாற்றிப் பயனில்லை.

சென்சாரின் ஓம் அளவும் (மின்தடை) பார்க்கலாம். பிளாட்டினம் பிடி200 வகை அறை வெப்பத்தில் சுமார் 220 ஓம் காட்டும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் என்டிசி வகை குளிரில் பல மடங்கு அதிகம் காட்டும். அதனால் எந்த வகை என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள். வயரின் நடுவே சின்ன எலக்ட்ரானிக் பெட்டி இருந்தால் ஓம் சோதனையே வேண்டாம்.

மாற்றுவதென்றால் முந்தைய நாளே மரையில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் மரை பைப்போடு பிய்ந்து வரும், அப்புறம் வேலை இரட்டிப்பு. புதியதில், மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக்கூடாது. எரர் கோடை அழித்துவிட்டு, மறுநாள் காலை இரண்டாம் படியை மறுபடி செய்து பாருங்கள்.