சந்தையில் அக்கார்டியன் வாசிக்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

போன மாதம் மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்த ஒரு தம்பி, நான் வாசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமைச் சந்தையில் வந்து நின்றான். ஊரில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவனாம். "அண்ணே, நானும் ஒரு பெட்டி வாங்கி வாசிக்கலாம்னு இருக்கேன். லைசென்ஸ் எங்க வாங்கணும்?" என்றான். எல்லோரும் லைசென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2022-இல் நானும் அதைத்தான் கேட்டேன், பதிலும் ஒழுங்காகக் கிடைத்தது. ஆனால் கேட்க வேண்டியது வேறு ஒன்று. அதைக் கேட்காததால் எனக்கு ஒரு வருடமும், ஒரு நல்ல பெட்டியில் பாதியும் போயிற்று.

முதலில் லைசென்ஸ் கதையை முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களில் தெருவில் வாசிக்க லைசென்ஸ் கிடையாது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் போன்ற சில பகுதிகளில் உண்டு. கோவன்ட் கார்டன் சதுக்கத்தில் வாசித்துக் காட்டித் தேர்வாக வேண்டும். மற்ற ஊர்களில் கவுன்சிலின் இணையதளத்தில் விதிமுறை இருக்கும், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் சந்தை என்பது தெரு இல்லை. அந்த இடத்துக்கு ஒரு உரிமையாளர் இருப்பார்: கவுன்சிலோ, தனியார் நிறுவனமோ, விவசாயிகள் சங்கமோ. மார்க்கெட் மேனேஜரைக் கேட்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். அவர் காப்பீடு கேட்பார். மியூசிஷியன்ஸ் யூனியனில் சேர்ந்தால் ஒரு கோடி பவுண்டுக்கான பொது இழப்பீட்டுக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. யாராவது உங்கள் பெட்டி தடுக்கி விழுந்தால் அது பேசும். வரிக்கு, சுயதொழிலில் ஒரு வரி ஆண்டில் மொத்தம் 1,000 பவுண்டு வரை வந்தால் கவலையில்லை. தாண்டினால், ஏப்ரல் 5-இல் முடியும் அந்த ஆண்டைத் தொடர்ந்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிய வேண்டும். அவ்வளவுதான்.

இனி என் கதை. 2022 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க லீட்ஸ் பக்கம் வந்தேன். எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் தேவாலயத்திலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் அக்கார்டியன் வாசித்தவர். அந்தப் பெட்டியைத் தொட எங்களுக்குப் பன்னிரண்டு வயது வரை அனுமதி இல்லை. இங்கே வந்த மூன்றாவது வாரமே 320 பவுண்டு கொடுத்து ஒரு பழைய இத்தாலியப் பெட்டி, 72 பேஸ் (இடது கைக்கு 72 பட்டன்), வாங்கினேன். வாடகைக்கு என்று ஒதுக்கியிருந்த பணம். அக்டோபரில் சந்தைக்குப் போனேன். மேனேஜர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு மீன் கடைக்கு எதிரே இடம் காட்டினார். முதல் நாள் தொப்பியில் 38 பவுண்டு. பரவசமாக அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏல, தெருவுல தொப்பி வச்சு வாசிக்கதுக்கா இம்புட்டு லோன் போட்டு அனுப்புனோம்?" என்று வைத்துவிட்டார். நம் ஊரில் அதற்குப் பெயர் பிச்சை. இங்கே அப்படி இல்லை, கோட் போட்ட பெரியவர் நின்று கேட்டு, கண்ணைப் பார்க்காமல் இரண்டு பவுண்டு போட்டுவிட்டு நகர்வார். இதை அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

நான்காவது சனிக்கிழமை மேனேஜர் வந்து, டிசம்பரில் மூன்று வாரம் கிறிஸ்துமஸ் சந்தைக்கு வாசிக்கிறாயா, நாளுக்கு 60 பவுண்டு தருகிறேன், இன்வாய்ஸும் உன் வரி எண்ணும் அனுப்பு என்றார். வரி எண் எப்படி வாங்குவது என்று கேட்கப் பல்கலைக்கழகத்தில் விசா ஆலோசனை தரும் அம்மாவிடம் போனேன். கேட்டு முடிப்பதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுவரை எத்தனை முறை வாசித்தாய்?" என்றார். நான் பெருமையாக நான்கு என்றேன்.

என் விசா அட்டையில் வாரம் 20 மணி நேர வேலை என்றுதான் போட்டிருந்தது. சந்தையில் நான் நின்றது நான்கு மணி நேரம். கணக்கு சரி என்று நினைத்தேன். அட்டையில் இடமில்லாமல் விதியில் மட்டும் இருப்பது இது: மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, நிகழ்த்துக் கலைஞராக வேலை பார்க்கவும் கூடாது. இசைக்கலைஞர் அந்தப் பட்டியலில்தான் வருவார். 20 மணி நேரம் என்பது ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலைக்கு. தொப்பி வைத்து அரை மணி நேரம் வாசித்தாலும் இரண்டு விதியும் ஒரே அடியில் உடைகின்றன. உணவு டெலிவரி ஆப்பில் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகள் மாட்டுவதும் இதே சுயதொழில் விதியில்தான்.

தொப்பி இல்லாமல் சும்மா வாசித்தால் என்று கேட்டேன். நண்பன் வீட்டுப் பிறந்தநாளில் வாசித்துக்கொள், ஆனால் சந்தைக்காரர் நேரம் சொல்லி நிறுத்திவைத்தால் காசு வாங்காவிட்டாலும் வேலைதான் என்றார். அப்படியானால் வரி எண் வாங்கிவிட்டால் சட்டப்படி ஆகிவிடாதா என்றேன். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரித்துறை எண் கொடுக்கும்போது உங்கள் விசாவைப் பார்ப்பதில்லை. எண் கிடைத்தது என்பதற்காக அனுமதி கிடைத்தது என்று ஆகாது. விதியை மீறியதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாக வேண்டுமானால் அது நிற்கும்.

டிசம்பர் சந்தை போயிற்று. ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேச 180 பவுண்டு. "அடுத்த விண்ணப்பத்தில் நிபந்தனையை மீறியிருக்கிறாயா என்று கேட்டால் பொய் மட்டும் எழுதாதே" என்றார். எழுதவில்லை. நான்கு சனிக்கிழமைகளையும் தேதி போட்டு ஒரு கடிதமாக எழுதி இணைத்தேன். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா வந்து சேரும் வரை ஒவ்வொரு மின்னஞ்சல் சத்தத்துக்கும் வயிறு கலங்கியது. மொத்த வருமானம் 141 பவுண்டு. அதற்கு இத்தனை.

யார் வாசிக்கலாம் என்று கேட்டால்: கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம், வாசிக்கலாம். மாணவரோடு துணையாக வந்த கணவனோ மனைவியோ செய்யலாம். ஆனால் மனைவி பெயரில் இன்வாய்ஸ் போட்டு நீங்கள் வாசிக்கும் சாமர்த்தியம் வேண்டாம். வேலை விசாவில் இருப்பவர்கள் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் இறங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் வந்த மாமா, முடிவு வராத புகலிடக் கோரிக்கையில் இருப்பவர், இவர்கள் தொப்பியைத் தொடவே வேண்டாம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள்.

அன்று வந்த கோபத்தில் பெட்டியை மூடி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். ஒரு வருடம் திறக்கவில்லை. அறையில் வாசிக்க யாரும் தடை போடவில்லை, என் வீம்புதான். அது வெளிச்சுவர். தரைத்தளம். குளிர்காலத்தில் துவைத்த துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில்தான் காயப்போடுவோம், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த அந்தச் சுவரில் போய்ப் படியும். 2023 நவம்பரில் விசா கையில் வந்ததும் திறந்தேன். நனைந்த சாக்குப் பை நாற்றம். துருத்தியின் மடிப்புகளில் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சை. இழுத்தால் இரண்டு கட்டைகள் ஊமை. ஒரு கட்டை மட்டும் கையை எடுத்த பிறகும் அழுதுகொண்டே இருந்தது.

அக்கார்டியனின் உள்ளே இருப்பது நம் ஆர்மோனியத்தின் உள்ளே இருப்பதற்குச் சொந்தக்காரன்தான்: காற்று பட்டால் அதிரும் ரீடு. ஆனால் இங்கே ரீடு எஃகு, அது அலுமினியத் தகட்டில் அறைந்திருக்கும், தகட்டை மரக்கட்டையில் தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் கலந்த மெழுகால் ஒட்டியிருப்பார்கள். காற்று பின்னால் போகாமல் மெல்லிய தோல் நாக்குகள் தடுக்கும். ஈரம் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், தோலைச் சுருட்டும். வெயிலில் காரின் டிக்கியில் வைத்தால் மெழுகு இளகித் தகடு நகர்ந்துவிடும். அப்பாவிடம் சொன்னேன். "இங்க வெயிலு, அங்க ஈரம். பெட்டிக்கு ரெண்டு ஊரும் ஆகாது" என்றார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் கோபப்படவில்லை, இறந்துபோன ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். பழுது பார்ப்பவர் வரிசையில் மூன்று மாதம் காத்திருந்தேன். செலவு 410 பவுண்டு, வாங்கிய விலையைவிட அதிகம்.

ஆகவே பெட்டியை உள்சுவர் ஓரமாக, அதன் கால்களில் நிற்கும்படி வையுங்கள். படுக்கவைத்தால் தோல் நாக்குகள் கோணும். வாரம் பத்து நிமிடமாவது காற்று ஓடட்டும். சந்தைக் குளிரிலிருந்து வீட்டுச் சூட்டுக்குள் வந்ததும் உறையைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஆவி படிவதுபோல் ரீடுகளில் நீர் படியும்.

பழைய பெட்டி வாங்கப் போனால் முதலில் மூக்கை வையுங்கள். பூஞ்சை நாற்றம் வந்தால் விலை பேசாமலே திரும்புங்கள். எந்தக் கட்டையையும் பட்டனையும் அழுத்தாமல், துருத்தியை மூடிப் பிடிக்கும் வாரை அவிழ்த்துவிட்டு ஒரு பக்கத்தைத் தொங்கவிடுங்கள். துருத்தி மெதுவாக இறங்க வேண்டும், சரசரவென்று விரிந்தால் காற்று ஒழுகுகிறது. ஒவ்வொரு கட்டையையும் இழுத்தும் தள்ளியும் கேளுங்கள், இரண்டு திசைக்கும் வேறு வேறு ரீடு. 120 பேஸ் என்று ஆசைப்படாதீர்கள். அது பத்துக் கிலோ பக்கம் வரும், பேருந்தில் ஏற்றி, நின்று நான்கு மணி நேரம் வாசித்துப் பாருங்கள், முதுகு சொல்லும். சந்தைக்கு 48, 72 போதும்.

இன்னொன்று, சுதி. எந்த ரீடுகள் ஒலிக்க வேண்டும் என்று மாற்றும் சுவிட்சுகள் பெட்டியில் உண்டு, அவற்றில் சிலவற்றைப் போட்டதும் சுரம் பிசிறடிக்கும். நான் முதலில் பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வேண்டுமென்றே இரண்டு ரீடுகளைத் துளி வித்தியாசத்தில் வைத்திருக்கிறார்கள், அந்த அலைவுதான் இவர்களுக்குப் பாரிஸ் வாசனை. நம் காதுக்கு அது தலைவலி. தமிழ்ப் பாட்டு வாசிக்கும்போது ஒற்றை ரீடு சுவிட்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கமகம் வராது, அதற்கு அழுது பயனில்லை. இந்தக் குறையைக் காரணம் காட்டித்தானே நம் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே வாசலில் நிறுத்தியது.

கீபோர்டுக்காரர்களுக்கு வலது கை ஒரு வாரத்தில் வந்துவிடும். இடது கைதான் படுத்தும். ஆர்மோனியத்தில் காற்றடித்துப் பழகிய கை, இங்கே துருத்தியையும் இழுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பட்டன்களில் தாளமும் போட வேண்டும். 'சி' பட்டனில் ஒரு சின்னக் குழி இருக்கும். விரல் அதைத் தேடிப் பிடித்துவிட்டால் வீடு தெரிந்த மாதிரி. மூன்று எண்ணிக்கைப் பாட்டுகளில் தொடங்குங்கள். ஒரு பேஸ், இரண்டு கார்டு, அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது குழந்தையைத் தூக்கிச் சுற்ற ஆரம்பிப்பார்கள்.

கடைக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். வாங்க வருபவர் ஒரு பாட்டைத்தான் கேட்கிறார், எதிரே இருப்பவர் ஆறு மணி நேரம் கேட்கிறார். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள், மூன்று பாட்டை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டாதீர்கள். கையில் விரல் நுனி வெட்டிய கையுறை, காலடியில் ஒரு அட்டைப் பெட்டித் துண்டு. கல் தரையின் குளிர் காலணி வழியாக ஏறும். மழைத் துளி விழுந்தால் பாட்டின் நடுவிலும் மூடுங்கள், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். கார்டு இயந்திரம் வையுங்கள், சில்லறையோடு வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வரும் சில்லறையை வங்கிப் பைகளில் பிரியுங்கள்: ஒரு பவுண்டு நாணயம் ஒரு பையில் 20, இருபது பென்ஸ் என்றால் பைக்குப் பத்துப் பவுண்டு. அதை வங்கிக்குக் கூடக் கொண்டுபோக வேண்டாம். காலையில் சில்லறைக்கு அலையும் கடைக்காரரிடம் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். எனக்கு மீன் கடைக்காரரோடு பழக்கம் வந்ததே அப்படித்தான்.

அந்தத் தம்பி மாணவர் விசாவில் வந்தவன். விதியைச் சொன்னதும் முகம் தொங்கிப்போயிற்று. பெட்டி வாங்கிக்கொள், வீட்டில் வாசி, வெளிச்சுவரில் மட்டும் சாத்தாதே என்றேன். பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு விற்கும் பாட்டி எங்கள் பேச்சு முடியும் வரை பொறுத்திருந்துவிட்டு, வழக்கம்போல் மண்ணோடு ஒரு பை கிழங்கை என் தொப்பியில் வைத்தார். அப்பாவுக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டைத்தான் அவர் வாரா வாரம் கேட்பார், தமிழ்ப் பாட்டு என்று தெரியாது. வரிக் கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே 'கிழங்கு, இரண்டு கிலோ' என்று எழுதி வைத்திருக்கிறேன்.