கொலு பார்க்கில் ஊமைத்துரையின் ஆட்கள்

எங்கள் வீட்டுக் கொலுவில் படிக்குக் கீழே போடும் பார்க் மூன்று வருடமாகப் பாஞ்சாலங்குறிச்சிதான். கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட காட்சியை வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் வைப்பதில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறைக் காவலரை மடக்கிவிட்டுத் தப்பினார்கள். கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பினார்கள். மேஜர் மெக்காலேயின் படை வந்து பார்த்தால் சுவர் நிற்கிறது. அதில் சுமார் 1,500 பேர்! அந்தப் படையிலிருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே திகைத்துப்போய் எழுதியிருக்கிறார்.

அதனால் சுவரைப் பாதியில் நிறுத்துங்கள். சென்னை கொசப்பேட்டையில் களிமண் வாங்கி, பொடியாக நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பிசைந்து, ஒரு ஜாண் உயரத்துக்கு எழுப்பினால் போதும். நிழலில்தான் காய வேண்டும். முதல் வருடம் மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பு ஆரம்பித்து, ஈரத்தோடு வர்ணம் அடித்தேன். கொலு வைத்த இரண்டாம் நாள் சுவர் பிளந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆவணியிலேயே மண் பிசைந்துவிடுகிறேன்.

பொம்மைக்குச் சிப்பாய் செட் வேண்டவே வேண்டாம். இவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, தாங்களாக வந்து சேர்ந்தவர்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கிராமத்து செட் கிடைக்கும். அதில் மண்வெட்டிக்காரர், கூடை சுமப்பவர், மாட்டுவண்டிக்காரர் என்று ஒரு டஜன் எடுங்கள். எட்டுப் பேர் சுவர் வேலைக்கு, நாலு பேர் காவலுக்கு. காவல்காரர் கையில் ஈர்க்குச்சி ஈட்டி. ஆளை விட நீளமாக இருக்கட்டும், பாளையக்காரர் ஈட்டி அப்படித்தான் இருந்தது. துப்பாக்கி ஒருவருக்குப் போதும்.

அப்புறம் ஊமைத்துரை. அவரைக் குதிரை மேல் ஏற்றாதீர்கள். மண் சுமப்பவர்கள் நடுவே நிற்க வையுங்கள். பேச்சு வராத அவர் வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் பரப்பி, இதுதான் வெள்ளைக்காரன் படை என்று காட்டி, வாயால் 'விஸ்'ஸென்று ஒலி எழுப்பியபடி மறு கையால் துடைத்துத் தள்ளுவாராம். இதையும் வெல்ஷ்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் கைதான் மொத்த பார்க்கும். அதை மட்டும் நானே களிமண்ணில் செய்து ஒட்டுகிறேன்.

பார்க்க வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும் முன் இடது உள்ளங்கையில் நாலு வைக்கோல் வைத்து, மறு கையால் துடைத்துத் தள்ளச் சொல்லுங்கள்.