கிறித்தவக் கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கலை அறிவியல் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் மாணவர் முதலில் காண்பது நீண்டதொரு துறைப் பட்டியலைத்தான். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொண்டால், தமிழ், ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், தத்துவம், வணிகவியல், கணிதம், புள்ளியியல், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று ஒரு பக்கமும், கணினிப் பயன்பாட்டியல், வணிக நிர்வாகம், காட்சித் தொடர்பியல், நுண்ணுயிரியல், உளவியல், இதழியல் என்று இன்னொரு பக்கமும் இளநிலைப் படிப்புகள் விரிகின்றன. இந்தப் பெயர்களில் எதற்கு 'மவுசு' அதிகம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு, மதிப்பெண்ணுக்கு எது கிடைக்குமோ அதில் சேர்ந்துவிடுவதே பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிறது. மூன்று ஆண்டுகளில் உண்மையில் என்னென்ன படிக்கப் போகிறோம் என்பதைத் துறையின் பெயர் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது பாடத்திட்ட அட்டவணை. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பே, விரும்பும் துறைகளின் ஆறு பருவங்களுக்கான அட்டவணையைக் கல்லூரியின் இணையதளத்திலிருந்தோ துறை அலுவலகத்திலிருந்தோ பெற்று, பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள்.

கிறித்தவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் பழைமையானவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837இல் ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளியாகத் தொடங்கி, சரியாக நூறு ஆண்டு கழித்து 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இலும், பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும், மதுரை லேடி டோக் கல்லூரி 1948இலும் தோன்றின. ஒரே துறைக்குள் மாணவரை அடைத்துவிடாமல் மொழி, வரலாறு, அறிவியல், நெறி ஆகிய எல்லாவற்றோடும் பழகவிடுவது இவற்றை நிறுவியவர்கள் கொண்டுவந்த கல்வி மரபு. அமெரிக்காவில் இதே மரபில் இயங்கும் கல்லூரிகளில் ஓராண்டோ ஈராண்டோ பலவற்றையும் படித்துப் பார்த்த பிறகே மாணவர் தம் முதன்மைத் துறையை அறிவிக்கிறார். நம் ஊரில் அப்படி இல்லை. சேரும் நாளிலேயே துறை முடிவாகிவிடுகிறது. எனவே அந்த மரபின் பயன் நமக்குக் கிடைக்க வேண்டுமானால், அட்டவணையில் முதன்மைப் பாடத்துக்கு வெளியே இருக்கும் இடங்களை அறிந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அட்டவணையைப் படிக்கும் முறை கடினமானதன்று. தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக 140 மதிப்பலகுகள், அதாவது மாணவர் வழக்கில் 140 கிரெடிட்டுகள், தேவை. இவை ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதற்பகுதி தமிழ் அல்லது இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்ற வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடங்களும் துறைசார் விருப்பப் பாடங்களும் வரும். நான்காம் பகுதியில் பிற துறை விருப்பப் பாடம், திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி ஆகியன அடங்கும். ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலிய விரிவாக்கப் பணிகளுக்கானது. பட்ட வகுப்பும் முதுநிலைச் சேர்க்கையும் பெரும்பாலும் மூன்றாம் பகுதியின் மதிப்பெண்ணைக் கொண்டே கணிக்கப்படுவதால் மற்றவற்றை மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் மொழித்தாளில் ஓர் அரியர் நின்றாலும் பட்டம் கைக்கு வராது. அதைவிட முக்கியமானது, மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்ந்து வழக்கமாக 24 மதிப்பலகுகள் ஒதுக்கப்படுகின்றன. மூன்றாண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டிவிட்டு எழுதுவது பெரிய இழப்பு.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் பாடக் குறியீடு, தலைப்பு, வார மணிநேரம், மதிப்பலகு, அகமதிப்பீட்டு மதிப்பெண், பருவத் தேர்வு மதிப்பெண் ஆகியவை அடுத்தடுத்து இருக்கும். முதலில் வார மணிநேரத்தைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு வாரம் மூன்று மணிநேரம் ஆய்வகம் என்றிருந்தால், அந்த நாளின் பிற்பகல் முழுவதும் அதற்கே போய்விடும். பகுதிநேர வேலைக்கோ தொலைவிலிருந்து ரயிலில் வந்துபோவதற்கோ திட்டமிடுபவர்கள் இதைச் சேர்வதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் பகுதியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, 'அலைடு' என்று எல்லோரும் அழைக்கும் சார்புப் பாடத்தைத்தான். விண்ணப்பிக்கும்போது இதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பின்னாளில் வழிகளைத் திறப்பதும் அடைப்பதும் பெரும்பாலும் இதுதான். இயற்பியல் மாணவருக்குக் கணிதமும் வேதியியலும் சார்புப் பாடங்களாக வருவது வழக்கம். வேதியியல் மாணவருக்கோ சில கல்லூரிகளில் கணிதம், இயற்பியல் என்றும், சில கல்லூரிகளில் கணிதத்துக்குப் பதிலாக உயிரியல் பாடம் என்றும் வாய்ப்பு இருக்கும். உயிர்வேதியியல் பக்கம் போக நினைப்பவர் உயிரியலையும், இயற்பியல் வேதியியலை ஆழமாகப் படிக்க விரும்புபவர் கணிதத்தையும் எடுப்பது பொருத்தம். தேசிய அளவிலான நுழைவுத் தேர்வுகள் வழியாக முதுநிலையில் சேரும்போது, இளநிலையில் ஓராண்டோ ஈராண்டோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சில படிப்புகளுக்கு உண்டு. அந்த நிபந்தனையை மூன்றாம் ஆண்டில் அறிந்து பயனில்லை.

பொருளியல் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் பி.ஏ. பொருளியலில் பெரும்பாலும் சேரலாம் என்பதால் இது எளிதான படிப்பு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் முதுநிலைப் பொருளியலுக்கான நுழைவுத் தேர்வுகளில் கணிதமும் புள்ளியியலும்தான் மாணவரைச் சோதிக்கின்றன. ஆகவே இரண்டு கல்லூரிகளில் பொருளியல் கிடைத்தால், எந்த அட்டவணையில் கணிதமுறைகளும் புள்ளியியலும் கூடுதல் பருவங்களில் இடம்பெற்றுள்ளனவோ அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில இலக்கியத்தில் நிலைமை வேறு: அங்கே சார்புப் பாடங்கள் பல நேரம் இங்கிலாந்தின் சமூக வரலாறு, இலக்கிய வரலாறு என்று இலக்கியத்தைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. அது குறையன்று, ஆனால் துறைக்கு வெளியே எட்டிப் பார்க்க அம்மாணவருக்கு நான்காம் பகுதி ஒன்றே எஞ்சுகிறது.

துறைக்கு வெளியே எட்டிப் பார்ப்பதால் என்ன விளையும் என்பதற்குத் தாம்பரம் வளாகமே சான்று. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ், ஓய்வு நேரங்களில் தென்னிந்திய மலைகளின் தாவரங்களைத் தேடிச் சேகரித்து ஆராய்ந்தார். அரிசீமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு அவர் பெயரால் 'அரிசீமா பார்ன்சியை' என்று தாவரவியலாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். இன்று அந்த வளாகத்தில் நிழல் தரும் மரங்களை வளர்த்தெடுத்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. வேதியியல் துறையில் சேரும் ஒருவர் தாவரங்களைப் பற்றிய விருப்பப் பாடத்தைத் தேர்ந்தால் வீணாகப் போகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

பிற துறை விருப்பப் பாடம், அதாவது 'நான்-மேஜர் எலெக்டிவ்', பெரும்பாலும் இரண்டு பருவங்களுக்கு வரும். இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். முதற்பகுதியில் தமிழ் அல்லாத மொழியை எடுத்தவர், பள்ளியில் தமிழே படிக்காதவராயின் அடிப்படைத் தமிழும், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவராயின் சிறப்புத் தமிழும் இந்த இடத்தில் படிக்க வேண்டியிருக்கும். விருப்பப் பாடத்தின் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது. மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று பிரெஞ்சு எடுப்பவர்கள் இந்த விலையைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். விருப்பப் பாடங்களுக்குப் பல கல்லூரிகளில் இடங்கள் குறைவு. முதலில் பதிவு செய்பவருக்கே முன்னுரிமை. ஆகையால் பதிவு தொடங்கும் நாளையும் நேரத்தையும் துறை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே பார்த்து வைத்து, மூன்று பாடங்களை வரிசைப்படுத்திக்கொண்டு செல்வது நல்லது. நண்பர்கள் எடுப்பதையே எடுப்பது, காலை வகுப்பு இல்லாததை எடுப்பது ஆகிய இரண்டும் இந்த வாய்ப்பை வீணடிக்கும் வழிகள். அறிவியல் மாணவர் வரலாறோ உளவியலோ, கலைப்பிரிவு மாணவர் அடிப்படைப் புள்ளியியலோ எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சிறிய துறைகளைப் பற்றி ஒரு சொல். தத்துவத்தை இளநிலையில் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகச் சில. அவற்றுள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் ஒன்று. வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், தத்துவத்தை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். குடும்பத்தில் வசதி குறைவு. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததால் அத்துறை முடிவாயிற்று. அவருக்குக் கற்பித்தவர்களுள் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியரும் இருந்தார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அம்மாணவர் எழுதிய எம்.ஏ. ஆய்வுரை 1908இல் வெளிவந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள துறையில் ஆசிரியரோடு நேரடியாகப் பேசவும், எழுதியதைத் திருத்தி வாங்கவும் கிடைக்கும் வாய்ப்பு, நெரிசலான துறைகளில் கிடைப்பது அரிது. தத்துவம், வரலாறு, அரசியல் அறிவியல், புள்ளியியல் ஆகியவற்றை 'வேறு எதுவும் கிடைக்காவிட்டால்' என்ற வரிசையில் வைக்கும் பெற்றோர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராகும் எண்ணமுள்ளவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அடித்தளம் அமைத்துத் தருவன வரலாறும் அரசியல் அறிவியலும்தான்.

மதம் குறித்த ஐயங்களையும் தீர்த்துக்கொள்ளலாம். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் தங்கள் சமூகத்தினருக்கு ஒரு பங்கு இடங்களை ஒதுக்கிக்கொள்கின்றன. உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு அந்தப் பங்கு 50 விழுக்காடு வரை செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991 டிசம்பரில் தீர்ப்பளித்தது; எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டை வரையறுக்க முடியாது என்று 2002இல் அதே நீதிமன்றம் கூறியது. எனவே ஒவ்வொரு துறையிலும் பொது இடங்கள் எத்தனை என்று கேட்டறிந்தால்தான் நம் மதிப்பெண்ணுக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது விளங்கும். விழுமியக் கல்வி வகுப்பில் கிறித்தவ மாணவர்களுக்கு மறைநூலும் மற்றவர்களுக்கு நன்னெறியும் கற்பிப்பது இக்கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். மதிப்பலகு சிறிதானாலும், வேறு துறை மாணவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து பேசக் கிடைக்கும் வகுப்பு அது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் இடையே வேறுபாடு பெரிது. இரண்டு பிரிவிலும் கிடைக்கும் வணிகவியல் போன்ற படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு மற்றொன்றை இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் இவற்றுக்குப் பொருந்தாது. கல்லூரிக்குக் கல்லூரி தனியே பதிவு செய்தாக வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அமெரிக்கன் கல்லூரியும் 1978இலேயே தன்னாட்சி பெற்றவை. இத்தகைய கல்லூரிகளில் பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் கல்லூரியே வகுக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுமுறையில் அகமதிப்பீட்டுக்கு 25 என்றால், தன்னாட்சிக் கல்லூரியில் அது கூடுதலாக இருக்கலாம். அகமதிப்பீடு எவ்வளவு கூடுகிறதோ, பருவம் முழுவதும் வகுப்புத் தேர்வும் ஒப்படைப்பும் அவ்வளவு முக்கியமாகின்றன. கடைசி மாதத்தில் படித்துச் சமாளிப்பவர்களுக்கு அம்முறை ஒத்துவராது.

பட்டத்தின் பெயரையும் ஒருமுறை கூர்ந்து பார்த்துவிடுங்கள். பழைய தாவரவியல் படிப்பு இன்று 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பவியல்' என்ற பெயரில் நடப்பதுபோலப் பல துறைகள் பெயர் மாறியுள்ளன. அரசுப் பணித் தேர்வுகளில் இப்பெயர்கள் மூலப் பாடத்துக்கு இணையானவை என்று அரசாணை உள்ளதா என்பதைத் துறைத்தலைவரிடம் கேட்டு, இருந்தால் ஆணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியராக விரும்புபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் பாடங்கள், வரலாறு முதலியவற்றில் இளநிலை முடித்தவுடன் பி.எட். சேரலாம், பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், உளவியல், தத்துவம் ஆகியவற்றில் முதுநிலையும் முடித்திருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு நடைமுறை. இரண்டு ஆண்டுச் செலவு கூடுகிறது என்பதால் இதைச் சேரும் முன்பே குடும்பத்தில் பேசிவிடுவது நல்லது.

சேர்ந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், இடம் காலியாக இருக்கும் பட்சத்தில் துறை மாறப் பல கல்லூரிகள் முதல் பருவத்தின் தொடக்கத்தில் அனுமதிக்கின்றன. கடைசி நாள் எது, பிளஸ் டூவில் படித்த பாடங்கள் புதிய துறையின் தகுதிக்குப் பொருந்துகின்றனவா, கட்டிய கட்டணம் மாற்றிக் கொள்ளப்படுமா ஆகிய மூன்றையும் அலுவலகத்தில் சேர்க்கை நாளன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தக் கெடுவுக்குள் முதன்மைப் பாட வகுப்புகளை ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கெடு கடந்துவிட்டால் அடுத்த கல்வியாண்டில் புதிதாக விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.