கடலில்லாத ஊரில் சைக்கிள், மலை, கிணறு: முதல்முறை வருபவர்களுக்கு

வெளியூரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துல பீச் இருக்கா?" கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனால் வாய்க்கால் கரையும், படி வைத்த மலையும், தோட்டத்துக் கிணறும் உண்டு. ஈரோட்டில் தங்கினால் மூன்றையும் இரண்டு நாளில் தொட்டுப் பார்க்கலாம்.

1. சைக்கிள்

காலிங்கராயன் வாய்க்கால் கரையில் தொடங்குங்கள். 1283-இல் வெட்டி முடித்தது. பவானியில் பிரிந்து, சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலைத் தொடுகிறது. தண்ணீர் ஓடும் வாட்டத்துக்கு வெட்டியதால் கரையில் ஏற்றம் குறைவு. புதிதாக ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், பஞ்சர் சாமான் கையில் இருக்கட்டும். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினால் முதல் நாளுக்குப் போதும்.

வழியில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாய்க்காலில் நீந்த இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகுப் பக்கம் ஆளை இழுத்துவிடும்.

2. மலை

சென்னிமலைக்கு 1,320 படிகள். விடியும் முன் ஏறத் தொடங்குங்கள், வெயில் வந்தால் கல் சுடும். நூறு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். முட்டி வலிப்பது இறங்கும்போதுதான், அதனால் அங்கே அவசரம் வேண்டாம். ஏழு மலை தாண்டும் வெள்ளியங்கிரியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கிணறு

நான் நீச்சல் பழகியது கிணற்றில்தான். இன்றும் அதிகாலைக் கிணற்றுத் தண்ணீரின் வெதுவெதுப்புக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் கிணறு ஆழம். ஒழுங்கு தவறக் கூடாது.

முதலில் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள். "ஏனுங்கண்ணா, கெணத்துல குளிச்சுக்கலாங்களா?" என்றால் போதும். அவர் சரி என்றதும், மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தண்ணீரில் இருப்பவருக்குத் தப்ப வழியில்லை.

அப்புறம் படியைப் பாருங்கள். தண்ணீர் வரை படி இல்லாத கிணறு என்றால் வேறு கிணறு தேடுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீரிலும், கயிறு பிடித்து ஒருவர் படியிலும் இருக்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது.

எங்கள் பக்கம் முதுகில் சுரைப்புருடை கட்டிவிடுவார்கள். உள்ளே காற்று நிறைந்த காய்ந்த சுரைக்காய். இப்போது மூடி இறுகிய காலி கேன் கட்டுகிறார்கள். அக்குளுக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்து இடுப்புக்கு நழுவினால் இடுப்பு மிதக்கும், தலை முங்கும்.

கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் பழகுங்கள். உடல் தானாக மேலே வரும்போது ஒரு கையை விடுங்கள், பிறகு மறு கையை. இரண்டு நாளில் யாருக்கும் முழு நீச்சல் வராது. மிதக்கும் தைரியம் வரும். மேலிருந்து குதிக்கும் பையன்களைப் பார்த்துக் குதிக்காதீர்கள், அவர்களுக்கு அந்தக் கிணற்றின் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

எல்லோரும் மேலே வந்துவிட்டதை எண்ணிப் பார்த்து, தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவர் மோட்டாரைப் போட்டு மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சக் காத்திருப்பார்.