அண்ணன் தங்கை ஸ்கிராப் புக்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில் நடக்கும் தவறுகள்

அண்ணனும் தங்கையும் தங்கள் படங்களையும் நினைவுகளையும் ஒட்டி எழுதிவைக்கும் ஸ்கிராப் புக்கில், அசல் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவதுதான் பெரிய தவறு. 1960, 70களில் வளர்ந்தவர்களுக்கு உடன்பிறந்தவரோடு சேர்ந்து நிற்கும் படம் ஒன்றோ இரண்டோ இருந்தாலே அதிகம். நெகட்டிவ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, பிரதியை மட்டும் ஒட்டுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும், அதைவிடச் சிறியதற்கு 1200 வையுங்கள். 300இல் எடுத்தால் அதே அளவில்தான் நன்றாக அச்சாகும். கல்யாணக் கூட்டத்தின் மூலையில் நிற்கும் தங்கையின் முகத்தைப் பெரிதாக்கினால் மங்கிவிடும்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸை ஒரு மூலையில் படத்துக்கு அடியே நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். படம் வளைந்தால் உடனே நிறுத்திவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதிதான்: இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

ஒட்டுவதற்குக் கையில் கிடைத்த பிரெஸ்டிக் (களிமண் போல் பிசைந்து ஒட்டும் பசை), செலோடேப் எதுவும் வேண்டாம். முன்னது எண்ணெய்க் கறை விடும், பின்னது மஞ்சளாகிக் கழன்றுவிடும். நான்கு மூலைகளையும் பிடிக்கும் போட்டோ கார்னர்களே நல்லது. அட்டை அமிலம் இல்லாததாக, 200 முதல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) வரை இருக்கட்டும். பலர் 12 அங்குலச் சதுர ஆல்பம் வாங்கிவிடுகிறார்கள். பக்கம் சாதாரண ஏ4 ஸ்கேனரில் அடங்காது. நகல் எடுக்கும்போதுதான் அது தெரியவரும்.

காவடிக்குக் கட்டிய மஞ்சள் துணி, விபூதிப் பொட்டலம், பூச்சரம் ஆகியவற்றை அப்படியே உள்ளே வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள் அடுத்த பக்கத்துக்கு இறங்கும்; டர்பன் கோடையின் ஈரத்தில் பூவில் பூஞ்சை பிடிக்கும்; மாவுப் பசையையும் காகிதத்தையும் தேடி ஃபிஷ்மாத் என்னும் வெள்ளிப் பூச்சி வரும். அந்தப் பொருள்களைப் படமெடுத்து ஒட்டுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளைக் கெடுக்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் கட்டிலுக்கு அடியும் கூடாது. வீட்டின் உட்சுவரில், தரையிலிருந்து உயர்ந்த தட்டில் வையுங்கள்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். சில படங்களின் வெள்ளை ஓரத்தில் அச்சாகியிருக்கும் மாதம் படம் கழுவிய மாதம், எடுத்த நாள் அல்ல. வகுப்புப் படத்தில் ஸ்டாண்டர்டு 3 என்றிருந்தால் அதைக் கிரேடு 3 என்று மாற்றாதீர்கள். அது இன்றைய கிரேடு 5. ஸ்டுடியோ முத்திரையில் கிரே ஸ்ட்ரீட் என்று இருந்தால் அப்படியே எழுதி, இன்றைய டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் என்ற பெயரையும் சேருங்கள். இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போன குடும்பம் என்றால் பழைய வீட்டின் அடையாளங்களை முதலில் குறித்துவையுங்கள். அந்த வீடு இன்று இருக்காது. நினைவிலிருந்து ஒரு தரைப்படம் வரையுங்கள்: அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, யார் ஜன்னலோரம் படுத்தார்கள், யார் சுவரோரம். போட்டோவே இல்லாத வருடங்களுக்கு இந்த ஒரு தாள் பல பக்கங்களுக்குச் சமம்.

இனி, மனதை வருத்தும் தவறு. மூத்தவர் ஒருவரே முழுப் புத்தகத்தையும் எழுதிவிடுகிறார். மூத்தவருக்குப் படங்களும் அதிகம், அதனால் இளையவர் ஓரத்தில் நிற்கும் ஆளாகிவிடுகிறார். ஒரே படத்துக்கு இரண்டு பிரதி போட்டு, ஆளுக்கொன்று கொடுங்கள். கலந்து பேசாமல், அவரவர் கையெழுத்தில், ஐந்து வரி. பந்து தொலைந்ததற்கு யார் அடி வாங்கினார்கள் என்பதில் இருவரும் முரண்பட்டால் திருத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆயா, தாத்தா போன்ற வீட்டுச் சொற்களை மாற்ற வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காகக் கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், எளிதில் மங்காத பிக்மென்ட் மை பேனா வாங்குங்கள்.

முடிந்ததும் முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து இரண்டாம் பிரதி போடுங்கள். உதாரணமாக, ஒன்று டர்பனிலும் மற்றொன்று ஜோஹன்னஸ்பர்க்கிலுமாக, உடன்பிறந்த இருவர் வீட்டிலும் இருக்கட்டும்.