நார் உரித்த வீட்டில் நான்கு நாள்: அசியெண்டா விடுதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வாயில் தொடங்குகிறது. மெக்சிகோவின் மெரிடா நகரில் டாக்ஸிக்காரரிடம் 'ஹசியெண்டா' என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஸ்பானிய மொழியில் அந்த 'ஹ' எழுத்தில் மட்டும்தான் இருக்கும், ஒலிக்காது. 'அசியெண்டா' என்றதும் தலையாட்டினார். அதேபோல இந்த ஊர்ப் பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழிப் பெயர்களில் எக்ஸ் (x) என்ற எழுத்தைக் கண்டால் 'ஷ்' என்று படிக்க வேண்டும்: உஷ்மால், யாஷ்கோபோயில். இதைத் தெரிந்துகொண்டு போனால் வழி கேட்பதில் பாதிச் சிரமம் குறையும்.

அசியெண்டாவுக்கு இணையாக நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை. தோட்டம், ஆலை, முதலாளி வீடு, சிறு தேவாலயம், கூலிக்காரர் குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்தில் அடங்கிய பண்ணை அது. மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்தில், மெரிடாவைச் சுற்றியுள்ள வறண்ட கல்பூமியில் இவை ஏராளம். இங்கே விளைந்தது எனெக்கென் என்னும் நார்க் கற்றாழை. நம் ஊரில் ரயில் பாதையோரம் முள் நுனியோடு நிற்கிறதே, அந்தக் கற்றாழைக்கு நெருங்கிய உறவு. 1880களிலிருந்து அமெரிக்கக் கோதுமை வயல்களின் அறுவடை இயந்திரங்கள் கதிர்க்கட்டுகளைக் கட்ட மலைமலையாகக் கயிறு கேட்டன. யுகட்டான் நாரைக் கொடுத்துப் பணத்தில் மிதந்தது. 'பச்சைத் தங்கம்' என்றே அதற்குப் பெயர். பிறகு மெக்சிகோ புரட்சி, நிலச்சீர்திருத்தம், செயற்கை இழை என்று ஒவ்வொன்றாக வந்தன, ஆலைகள் நின்றன. சுவரில் மரம் முளைத்துக் கிடந்த மாளிகைகளில் சில பின்னாளில் விடுதிகளாயின. இது விருந்தாளிகளுக்காகக் கட்டிய இடமல்ல, வேலைக்காகக் கட்டிய இடம். தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

'கடற்கரைக்கு அருகில்' என்ற விளம்பர வரியை நம்பி நீச்சலுடையோடு வந்து இறங்குகிறவர்கள் உண்டு. கற்றாழைக்குக் கல்நிலம் வேண்டும். இங்கே கடலோரமோ மணல் திட்டும் அதற்குப் பின்னால் சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருக்கிறது. ஆகவே பண்ணைகள் உள்நாட்டில்தான் அமைந்தன. கடலுக்குப் போக முப்பது கிலோமீட்டரோ எழுபது கிலோமீட்டரோ கார் ஓட்ட வேண்டியிருக்கும். அறையைப் பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தில் தூரத்தை அளந்துவிடுங்கள். போய்ச் சேரும் கடலும், கிழக்கே கரீபியக் கரையில் இருக்கும் கான்கூன் நகரத்துப் படங்களில் வரும் நீலக் கடலல்ல. மெக்சிகோ வளைகுடாவின் ஆழமில்லாத, பசுமை கலந்த, சாதுவான கடல். எவ்வளவு ஆழமில்லை என்றால், கப்பல்கள் அணைவதற்காக புரொக்ரெசோ துறைமுகத்தில் ஆறரை கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குக் கடலுக்குள் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் நார் ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயர் சிசால். மூட்டைகளில் இருந்த ஊர்ப் பெயரே உலகச் சந்தையில் நாருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்று சிசால் அரைத்தூக்கத்தில் இருக்கும் மீனவர் ஊர். எனக்குப் புரொக்ரெசோவைவிட அதுதான் பிடித்தது.

அடுத்தது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். நாங்கள் ஒரு சனிக்கிழமை போய் இறங்கினோம். முற்றம் முழுவதும் வெள்ளை நாற்காலிகள், மரத்துக்கு மரம் விளக்குச் சரம். அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்தேன். இரவு ஒன்பது மணிக்கு இசைக்குழு வந்தது. விடியற்காலை மூன்றரைக்கும் ட்ரம்பெட் ஓயவில்லை. மெரிடா வட்டாரத்தில் வசதியுள்ளவர்கள் கல்யாணம் செய்ய விரும்பும் இடம் அசியெண்டாதான். பெரும்பாலும் வார இறுதியில். பத்துப் பதினைந்து அறைகள் மட்டுமே உள்ள இடத்தில் ஒதுங்க மூலையும் கிடைக்காது. பதிவு செய்யும்போதே, 'அந்தத் தேதிகளில் நிகழ்ச்சி ஏதும் உண்டா?' என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஞாயிறு மாலை சென்று வியாழன் காலை கிளம்புவது உத்தமம்.

அறையைப் பற்றிய குறைகளில் பல குறையே அல்ல. முழங்கை நீளத்துக்குத் தடித்த கல்சுவர், அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரமான கூரை, கண்ணாடி இல்லாத மரக்கதவுச் சன்னல். எல்லாம் வெயிலை வெளியே நிறுத்துவதற்கு. அந்தச் சுவர் வைஃபையையும் வெளியேதான் நிறுத்தும். அலுவலகக் கூட்டம் இருக்கிறது என்றால் தாழ்வாரத்துக்கு வாருங்கள். பகலில் சன்னலைத் திறந்து போட்டுவிட்டு 'அறை கொதிக்கிறது' என்று புகார் சொல்வது வீண். ஊர்க்காரர்கள் காலை பத்து மணிக்கே அடைத்துவிடுகிறார்கள். தரையில் பூவேலை செய்த சிமெண்ட் ஓடுகள். ஆத்தங்குடிக் கல் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் தெரியும், ஈரக்காலோடு நடந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நீச்சல் குளம் என்று காட்டப்படுவது பல இடங்களில் பழைய பாசனத் தொட்டி. படி சரிவாக இருக்காது. ஆழம் திடீரென்று வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும்.

சுவரில் எதிரெதிரே பதித்திருக்கும் கொக்கிகள் துணி உலர்த்தும் கொடிக்கானவை அல்ல. அமாகா என்னும் வலை ஊஞ்சலைக் கட்டுவதற்கானவை. யுகட்டானில் பலர் பிறந்ததிலிருந்து உறங்குவது இதில்தான். வெளியூர்க்காரர்கள் அதில் நேராக, வாழைக்காய் மாதிரி வளைந்து படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். குறுக்கே படுக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து, தலையை ஒரு மூலைப் பக்கமும் காலை எதிர்மூலைப் பக்கமும் சாய்த்தால் வலை விரிந்து முதுகு ஏறக்குறைய மட்டமாகிவிடும். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் கணுக்காலைப் பிடித்து ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். அன்று மதியம் கட்டிலை மறந்தேன்.

பருவத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். குளிர்காலத்திலும் 'நோர்த்தே' என்னும் வாடைக்காற்று திடீரென்று இரண்டு மூன்று நாள் வீசும், கையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இருக்கட்டும். கொசுவுக்கு எந்த மாதமும் விடுமுறை இல்லை.

ஸ்பாவில் நடப்பது வரிசைத் தவறு. காலையில் எண்ணெய் மசாஜ், மதியம் செனோட்டேயில் குளியல் என்று திட்டமிடுகிறார்கள். செனோட்டே என்பது சுண்ணாம்புப் பாறை இடிந்து திறந்த நிலத்தடி நீர்க்குளம். வட யுகட்டானில் நிலத்தின் மேல் ஆறு கிடையாது. ஊருக்கு நீர் அடியில்தான் ஓடுகிறது. உடம்பில் எண்ணெயோ சன்ஸ்கிரீனோ பூசி அதில் இறங்குவது பிறர் குடிநீரில் கைகழுவுவது போல. முறையாக நடத்தும் இடங்களில் முதலில் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். காலையில் செனோட்டே, வெயில் சாய்ந்தபின் மசாஜ் என்று மாற்றிக்கொண்டால் இரண்டும் சுகம். வெயிலில் சிவந்து எரியும் தோலோடு மசாஜ் மேசையில் படுப்பதும் வேண்டாம்.

தெமஸ்கால் என்னும் பழைய மெக்சிகோ ஆவிக் குளியல் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. குனிந்து தவழ்ந்து நுழையும் சிறு குவிமாடம். வாசலை மூடினால் கும்மிருட்டு. நடுக்குழியில் பழுக்கக் காய்ந்த கற்கள், அதில் மூலிகை நீரை ஊற்ற ஊற்ற ஆவி முகத்தில் அறையும். சாதாரண நீராவிக் குளியல் என்று எண்ணி வயிறு நிறையச் சாப்பிட்டோ மது அருந்தியோ போகக் கூடாது. கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மூச்சு முட்டினால் 'கதவு' என்று சொல்லி வெளியே வந்துவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் இரண்டாம் சுற்றிலேயே வந்துவிட்டேன்.

சைவக்காரர்கள் ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: மாந்தேகா, அதாவது பன்றிக் கொழுப்பு. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. கருப்பு பீன்ஸ் மசியலில் அது இருக்கலாம். எலுமிச்சை சூப் என்று பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், சோபா தெ லிமா கோழிச்சாற்றில் செய்வது. பூசணி விதையை அரைத்த சிகில் பாக் துவையலும் சோள ரொட்டியும் நமக்கு அருமையாகப் பொருந்தும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு பபத்சுலேஸ், அதாவது அவித்த முட்டையைச் சோள ரொட்டியில் சுருட்டிப் பூசணி விதைச் சாறு ஊற்றியது. மேசையில் தனியாக வரும் ஆபனேரோ மிளகாயை, 'நாம் பார்க்காத காரமா?' என்று அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பெருமிதம் எனக்கும் இருந்தது. இரவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் சமையலறை மூடியிருக்கும், கிராமத்தில் வேறு கடை இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருட்டில் கார் ஓட்டுவதைத் தவிருங்கள். ஒவ்வொரு கிராமத்து வாசலிலும் 'தோபே' என்னும் வேகத்தடை உண்டு. பலவற்றுக்கு வண்ணமும் இல்லை, பலகையும் இல்லை. சுங்கச் சாவடிக்கும் கிராமத்துக் கடைக்கும் பெசோ ரொக்கம் வேண்டும். அறை வாடகையின் மேல் 16 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் மாநிலத் தங்கும் வரியும் சேரும். சொன்ன விலையில் அவை அடக்கமா என்று கேளுங்கள். இன்னொன்று பலரைக் கவிழ்ப்பது: கான்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலத்தின் கடிகாரம் யுகட்டானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கான்கூனிலிருந்து வரும்போது ஒரு மணி நேரம் லாபம். திரும்பி விமானம் பிடிக்கப் போகும்போது, முந்நூறு கிலோமீட்டர் பயணத்தோடு அந்த ஒரு மணி நேரத்தையும் கழித்துக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, எனக்குப் பெரிதாகப் படும் தவறு. 'அந்தக் கால ராஜவாழ்க்கை' என்று ரசித்துவிட்டு வருவது. இந்த மாளிகைகளை எழுப்பியது மாயா மக்களின் கடன். கூலியாகப் பண்ணை பெயர் பொறித்த வில்லைகளைக் கொடுத்தார்கள். அவை பண்ணைக் கடையில் மட்டுமே செல்லும். அந்தக் கடையின் கணக்கு ஒருநாளும் தீராது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கதை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஆள் போதாமல் மெக்சிகோவின் வடக்கிலிருந்து யாக்கி என்னும் பழங்குடியினரைப் பிடித்து அனுப்பினார்கள். 1905இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1915இல் புரட்சிப் படையின் ஜெனரல் சல்வதோர் அல்வராதோ ஆளுநராக வந்தபின்தான் கடன் தளை அறுந்தது. 1937இல் மெக்சிகோ அதிபர் லாசரோ கார்தெனாஸ் நிலத்தைப் பகிர்ந்தார். உங்களுக்குக் காபி கொண்டுவருபவரின் பாட்டனார் அதே முற்றத்தில் கற்றாழை மடல் சுமந்தவராக இருக்கலாம். விடுதி அழைத்துப் போகும் சுற்றுலாவோடு நிறுத்தாமல், அருங்காட்சியகமாக நிற்கும் யாஷ்கோபோயிலையோ, இன்றும் இயந்திரத்தில் நார் உரித்துக் காட்டும் சோதூத்தா தெ பெயோனையோ பாருங்கள். பச்சை மடல் உள்ளே போய், நசுங்கிச் சாறு தெறித்து, மறுபக்கம் வெளிர் நிற முடிக்கற்றையாக வெளிவரும். அந்தப் புளித்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ஒரு நாள் ஆகும்.

வரும் வழியில் திஷ்கோகோப் ஊரில் நெய்பவர்களிடமே அமாகா வாங்கலாம். நிறத்தைப் பார்த்து மயங்காமல் கையில் தூக்கிப் பாருங்கள். நூல் நிறைய இருந்தால் கனக்கும், கனத்தால் வாங்குங்கள். வீட்டில் அதைக் கட்ட எதிரெதிர்ச் சுவரில் இடம் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். என்னுடையது இரண்டு வருடங்களாகப் பரணில் கிடக்கிறது.