இங்கிலாந்தின் வெயிலும் பப் வினாடி வினாவும்: புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்களிடம் ஜூன் மாதத்தில் "வெப்ப அலை வருகிறது, கவனமாக இருங்கள்" என்று சொன்னால், எத்தனை டிகிரி என்று விசாரித்துவிட்டு, "இருபத்தெட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். என் முதல் கோடையில் நானும் அப்படித்தான் கேட்டேன். இந்நாட்டின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வரம்பை வகுத்து, பகல் வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்களாவது அந்த வரம்பைத் தொட்டால் அதை வெப்ப அலை என்று அறிவிக்கிறது. அந்த வரம்பு இடத்துக்கு இடம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை மாறும். சென்னையில் மார்கழிப் பகலுக்கு உரிய இந்த எண்ணை வைத்து இங்குள்ள கோடையை எடைபோடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைப்பவை.

அதே நண்பர்களை வாரநாள் இரவு ஒன்றில் பப் வினாடி வினாவுக்கு, அதாவது மதுவிடுதியில் மேசைக்கொரு குழுவாக உட்கார்ந்து தாளில் விடை எழுதும் போட்டிக்கு, அழைத்தால், "அங்கே போய் எனக்கு என்ன தெரியப்போகிறது?" என்று தயங்குவார்கள். வெயில் என்றால் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை, வினாடி வினா என்றால் எதுவும் தெரியாது என்ற தயக்கம். பல ஆண்டுகளாக நான் பார்த்துவரும் தவறுகள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றைச் சார்ந்தவையாகவே இருக்கின்றன.

வெயிலை முதலில் பார்ப்போம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டின் வெப்பநிலை 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. 2025-ஆம் ஆண்டுக் கோடையோ, சராசரி வெப்பநிலையைக் கணக்கில் கொண்டால், இங்கு இதுவரை பதிவானவற்றிலேயே மிகவும் வெப்பமானது. ஆகவே இங்கு வெயிலே கிடையாது என்ற பேச்சு இனி எடுபடாது. ஆனாலும் உண்மையான சிக்கல் எண்ணில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. நம் ஊரின் பழைய வீடுகள் சூட்டை வெளியேற்றுவதற்காகக் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரை, முற்றம், எதிரெதிராக அமைந்த வாசல்கள், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி என்று எல்லாமே காற்றோட்டத்துக்கானவை. இங்குள்ள வீடுகளோ குளிர்காலத்தில் சூடு வெளியே போகாமல் பிடித்துவைப்பதற்காகக் கட்டப்பட்டவை. செங்கல் சுவர், பரணில் பஞ்சுபோல் பரப்பிய காப்புப்பொருள், இரட்டைக் கண்ணாடி சன்னல், தரையெங்கும் கம்பளம் ஆகியவை ஜனவரியில் நம்மைக் காப்பாற்றுகின்றன. ஜூலையில் அவையே உள்ளே புகுந்த வெக்கையை இரவு முழுவதும் விடாமல் வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் சன்னல் ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்காது.

இந்த வீட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு, காலையில் எழுந்ததும் காற்று வரட்டும் என்று எல்லாச் சன்னல்களையும் திறந்து, திரைச்சீலைகளையும் ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போவது. நண்பகலுக்குப் பிறகு வெளியே உள்ள காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும். அப்போது திறந்திருக்கும் சன்னல் வழியாக வருவது அனல்தான். கண்ணாடி வழியே விழும் வெயிலோ கம்பளத்தையும் சுவரையும் சூடேற்றிவிடும். நான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடிப் படுக்கையறைக்கு மேற்குப் பார்த்த சன்னல். ஒரு ஜூலை மாலை ஏழு மணிக்கு வெளியே 27 டிகிரி இருந்தபோது, அந்த அறையில் இருந்த சிறிய வெப்பமானி 31 காட்டியது. கட்டில் சட்டத்தைத் தொட்டால்கூட வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே சன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டுப் போனேன். வெளியே அதே வெயில்தான் அடித்தது, ஆனால் மாலையில் அறை 26-ஐத் தாண்டவில்லை. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, அதாவது பெரும்பாலும் இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல், வீட்டின் இருபுறச் சன்னல்களையும் திறந்து காற்று ஊடுருவும்படி செய்ய வேண்டும். வெக்கை மேலே ஏறும் என்பதால், தாங்க முடியாத இரவுகளில் கீழ்த்தளக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அறையின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரைதான் மின்விசிறி உதவும். அதற்கு மேல் போனால் அது சுடுகாற்றையே நம் மீது வீசும்.

விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் பெற்றோர் விஷயத்தில் இந்தத் தவறு ஆபத்தாகவே முடியலாம். "அம்மாவுக்கு வெயில் பழக்கம்" என்று சொல்லி, பூட்டிய வீட்டின் மேல்மாடியில் அவரைப் பகல் முழுவதும் தனியாக விட்டுவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். வெயிலுக்குப் பழகியவர்தான், காற்றே இல்லாத பெட்டி போன்ற அறைக்கு அவர் பழகியவர் இல்லை. 2022 கோடையின் வெப்ப அலை நாட்களில், இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே வழக்கத்தைவிட ஏறத்தாழ 2,800 மரணங்கள் அதிகமாக நிகழ்ந்ததாக அரசின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. தலைசுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு தென்பட்டால் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, உடலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தெளிவு வரவில்லையென்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். காவிரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள், வெயில் கொளுத்தும் நாளில் இங்குள்ள ஆற்றையோ நீர்த்தேக்கத்தையோ கண்டதும் குதித்துவிடுகிறார்கள். காற்று 30 டிகிரியாக இருந்தாலும் ஆழமான நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடும். அந்தக் குளிரில் விழுந்தவுடன் நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம், நீரும் சேர்ந்து உள்ளே போகும். எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரராக இருந்தாலும் உடலின் இந்த அனிச்சைச் செயலைத் தடுக்க முடியாது. தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல், தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீரில் மூழ்கும்படி மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே கடலோர மீட்பு அமைப்பான ஆர்என்எல்ஐ சொல்லித்தரும் வழி. கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் உயிர்காப்புக் காவலர்களின் கண்காணிப்பு இருக்கும். குழந்தைகளுடன் போகிறவர்கள் அங்கே மட்டும் இறங்குவது நல்லது.

காய்ந்த புல்வெளியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பிக்யூ தட்டைப் பற்றவைப்பது இன்னொரு தவறு. 40 டிகிரியைத் தாண்டிய அதே நாளில், கிழக்கு லண்டனின் வென்னிங்டனில் புல்லில் பரவிய தீ வீடுகளையே சாம்பலாக்கியது. சமையல் முடிந்து தணலாக இருக்கும் அந்தத் தட்டை, குளிருகிறது என்று கூடாரத்துக்குள் எடுத்துச்செல்வது அதைவிட மோசமானது, ஏனென்றால் அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கருத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பதும் சரியன்று; புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருக்கும் நாட்களில் பூசிக்கொள்ளுங்கள். லண்டனில் ரயிலில் பயணம் செய்பவர்கள், முடிந்தால் சென்ட்ரல், பேக்கர்லூ தடங்களைத் தவிர்த்து, ஏசி உள்ள எலிசபெத் தடத்தையோ டிஸ்ட்ரிக்ட் தடத்தையோ தேர்ந்தெடுக்கலாம்.

இனி, வெயில் தாழ்ந்த பிறகு பப்புக்குப் போவோம். இந்த வினாடி வினா ஏன் வெள்ளி, சனி இரவுகளில் இல்லாமல் பெரும்பாலும் செவ்வாய், புதன் என்று வருகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி நடைமுறை தானாக விளங்கிவிடும். 1970-களில் தென் இங்கிலாந்தில் பர்ன்ஸ் அண்ட் போர்ட்டர் என்ற நிறுவனம், கூட்டம் குறைந்த நாட்களில் மக்களைப் பப்புக்கு வரவழைக்கும் வழியாக இதை முறைப்படுத்திப் பரப்பியது. வியாபாரத்துக்காகத் தொடங்கியது என்பதால், நான்கு மணி நேரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு எதுவும் வாங்காமல் எழுந்து போவது முறையில்லை. மது அருந்தாதவர்கள் இதை நினைத்து வராமலே இருந்துவிடுவதும் தேவையற்றது. லைம் அண்ட் சோடாவோ ஆல்கஹால் இல்லாத பீரோ வாங்கிக்கொண்டு உட்காரலாம். அதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்ப்பதில்லை. அவர்கள் கவனிப்பது வேறொன்றை. குழுவில் ஒருவர் எல்லாருக்கும் வாங்கிவந்தால், அடுத்த முறை இன்னொருவர் எழ வேண்டும். அந்த "ரவுண்ட்" வழக்கம் தெரியாமல் மூன்று முறை பிறர் வாங்கித்தந்ததைக் குடித்துவிட்டுப் புறப்படுபவர், தன் முறையை மறந்தவர் என்று பெயர் வாங்கிவிடுவார்.

மேசைக்கு யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காமல், பார் கவுன்ட்டருக்கு நாமேதான் போக வேண்டும். அங்கே வரிசை போல எதுவும் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது நிற்கும் எல்லாருக்கும் நினைவிருக்கும். வெக்கையான இரவில் பீருக்கு நடுவே தண்ணீர் குடிக்காமல் இருப்பது மறுநாள் காலைத் தலைவலிக்கு நேர்வழி. இங்கிலாந்தில் மது விற்கும் உரிமம் பெற்ற பப், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கூச்சப்படாமல் ஒரு ஜாடி கேளுங்கள். பல பப்களில் சமையலறை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடும், எனவே இடைவேளையில் சாப்பிடலாம் என்று நம்பிப் போவதும் சரிவராது.

போட்டியில் கைபேசியை மேசைமேல் வைப்பதே சந்தேகத்தைக் கிளப்பும். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். குழுவுக்குப் பெரும்பாலும் ஆறு பேர்தான் உச்சவரம்பு. எட்டுப் பேராகப் போனால் இரண்டாகப் பிரிந்துகொள்வதுதான் நியாயம். பக்கத்து மேசைக்குக் கேட்காமல் இருக்கத் தமிழில் பேசிக்கொள்வது வசதியானது என்றாலும், குழுவில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் அவரை ஒதுக்கிவைத்ததாக ஆகிவிடும். நடத்துபவரின் தீர்ப்பே இறுதியானது. அவர் தவறென்று உறுதியாகத் தெரிந்தால் இடைவேளையில் அருகில் போய் மெதுவாகச் சொல்லலாம். ஒலிவாங்கியை எதிர்த்துக் கூச்சலிடக் கூடாது. ஏதாவது ஒரு சுற்றில் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கும் ஜோக்கர் இருந்தால், எல்லாக் குழுக்களும் சமமாக எழுதும் பொது அறிவுச் சுற்றில் அதைச் செலவழிக்காமல், உங்கள் குழுவுக்கு மட்டும் கைவந்த சுற்றுக்கு வைத்திருங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, வாய் திறக்காமல் இருப்பது. ஒரு ஜூலை மாதப் புதன்கிழமை, பப்பின் பின்புறத் தோட்டத்தில் மேசை போட்டு நடந்த போட்டியில், இலங்கையின் தலைநகர் எது என்ற கேள்வி வந்தது. எங்கள் குழுவில் பேனா பிடித்திருந்தவர், பல ஆண்டுகளாக அங்கே வருபவர், ஒரு நொடிகூட யோசிக்காமல் "கொழும்பு" என்று எழுதினார். ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டை என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு உறுதியாக எழுதுபவரைத் திருத்துவதா என்று நினைத்துக் கையில் இருந்த குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள்களை மாற்றித் திருத்தியபோது அடுத்த மேசைக்காரர் அந்த விடையின் மேல் போட்ட நீல நிறக் குறுக்குக்கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் இரண்டாம் இடம். நான் விவரத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, "அடுத்த முறை என் கையைப் பிடித்து நிறுத்துங்கள்" என்றார்.

எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரின் வரிசையும் இங்குள்ள தொலைக்காட்சித் தொடர்களும் இந்நாட்டவர்களுக்குத் தெரியும். உலகின் முதல் பெண் பிரதமராக 1960-இல் பதவியேற்றவர் சிறிமாவோ பண்டாரநாயக்க என்பதும், ஆங்கிலத்தில் கட்டமரான் என்று வழங்கும் சொல் கட்டுமரத்திலிருந்து போனது என்பதும், முலிகடானி சூப்பின் பெயர் மிளகுத்தண்ணீர் என்பதும் நமக்குத் தெரியும். இவை யாவும் வினாடி வினாக்களுக்கு ஏற்ற கேள்விகள். விளையாட்டுச் சுற்றில் கிரிக்கெட் வந்தால் சொல்லவே வேண்டாம்.

ஜூன் இறுதியில் லண்டனில் இரவு 9.20-க்குத்தான் சூரியன் மறைகிறது. வெளிச்சம் இருக்கிறதே என்று நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் கடைசிப் பேருந்து போய்விடும், ஆகவே கிளம்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காரில் வந்தவர் குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பத்தரை மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கும்போது வெளிக்காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே பகலின் வெக்கை தேங்கியிருக்கும். செருப்பைக் கழற்றும் முன்பே முன்பக்கச் சன்னலையும் பின்பக்கச் சன்னலையும் திறந்துவிடுங்கள்.